மின்தொகுப்பின் துணைச் சேவைகள்: காத்திருக்கும் மின்சாரத்தின் மதிப்பு

(பொருளாதார மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்குமான சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அதிகாலை 2 மணி 33 நிமிடத்திற்கு வடமண்டல மின்தொகுப்பு முற்றிலும் செயலிழந்தது. தில்லி, பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட வட மாநிலங்கள் இருளில் மூழ்கின. சுமார் 36,000 மெகாவாட் மின்பளு அறுபட்டது. அன்று மாலைக்குள் நிலைமை சீராயிற்று. ஆயினும் மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் ஒருசேர வீழ்ந்தன. இம்முறை அறுபட்ட பளு சுமார் 48,000 மெகாவாட். அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பரப்பில் மின்சாரம் நின்றது. ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்க நிலக்கரிச் சுரங்கங்களில் ஏற்றப் பொறிகள் இயங்காததால் தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்டனர்.

மின் உற்பத்தி போதாமையே இதற்குக் காரணம் என்று பலரும் கருதினர். அது முழு உண்மையன்று. அப்போது நாட்டின் நிறுவுதிறன் 2,00,000 மெகாவாட்டைக் கடந்திருந்தது. வீழ்ச்சிக்குச் சற்று முன்னர் வரை மின்தொகுப்பின் அதிர்வெண்ணும் அபாய எல்லையைத் தொடவில்லை. 50 ஹெர்ட்ஸுக்குச் சற்றே குறைவாக இருந்தது. பல மின்தொடர்கள் பணியில் இல்லாதிருந்தன. பீனா, குவாலியர், ஆக்ரா வழியாகச் செல்லும் 400 கிலோவோல்ட் தொடரின் மீது பளு மிகுந்தது. வட மாநிலங்கள் சில தமக்கு ஒதுக்கப்பட்ட அளவைவிட மிகுதியாக மின்சாரம் எடுத்தன. பளு பகிர்வு மையங்களின் அறிவுறுத்தல்கள் உரிய பலனைத் தரவில்லை. மிகைப்பளுவைப் பழுது எனக் கொண்ட பாதுகாப்புக் கருவி தொடரைத் துண்டித்தது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன.

உற்பத்தித் திறன் இருப்பது ஒன்று. மின்தொகுப்பை நிலைநிறுத்தும் திறன் இருப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உரிய பணிகளே துணைச் சேவைகள் எனப்படுகின்றன. அவற்றை யார் அளிப்பது, எவ்வளவு அளிப்பது, அதற்கான செலவை யார் ஏற்பது என்ற மூன்று வினாக்களுக்கும் விதிமுறை வாயிலாக விடை காண்பது எளிதன்று. அந்த முயற்சியின் வரலாறும், அதில் இன்னும் எஞ்சியுள்ள பணியுமே இவ்வுரையின் பொருளாகும்.

ஒரு நொடியும் பொறுக்காத பண்டம்

நெல்லைக் களஞ்சியத்தில் வைக்கலாம்; எண்ணெயைத் தொட்டியில் தேக்கலாம். மாறுமின்சாரத்தை அந்த வடிவில் அப்படியே தேக்கி வைக்க இயலாது. எந்த நொடியில் எவ்வளவு நுகரப்படுகிறதோ, அந்த நொடியிலேயே அவ்வளவும் உற்பத்தியாக வேண்டும். இச்சமநிலையின் அளவுகோலே அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான அனல்மின் நிலையங்களின் டர்பைன்கள் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது இந்த அதிர்வெண் கிடைக்கிறது. நுகர்வு உற்பத்தியை மிஞ்சினால் எல்லா டர்பைன்களும் ஒருங்கே வேகம் குறைகின்றன, அதிர்வெண் இறங்குகிறது. உற்பத்தி மிஞ்சினால் அதிர்வெண் ஏறுகிறது.

அதிர்வெண் ஓரளவுக்கு மேல் இறங்கினால் டர்பைன் தகடுகளில் ஆபத்தான அதிர்வு உண்டாகும். அதைத் தவிர்க்க மின்நிலையங்கள் தாமாகவே தொகுப்பிலிருந்து விலகிக்கொள்ளும். அவ்வாறு ஒன்று விலகினால் பற்றாக்குறை மேலும் கூடும், அடுத்தது விலகும். இந்தச் சரிவைத் தடுக்கும் கடைசி அரணாகத் துணைமின்நிலையங்களில் குறை அதிர்வெண் ரிலேக்கள் பொருத்தப்பட்டுள்ளன. அதிர்வெண் குறிப்பிட்ட படிகளில் இறங்கும்போது அவை எவரையும் கேளாமல் சில மின்பாதைகளைத் துண்டித்துவிடும். எந்த ஊரின் பாதை துண்டிக்கப்படுகிறது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் கிராமத்துப் பாதையாக இருந்துவிடுவதே வழக்கம். எனவே மின்தொகுப்பின் நிலைப்பாடு என்பது பொறியாளர்களின் கவலை மட்டுமன்று. அது நீதி சார்ந்த பிரச்சினையும் ஆகும்.

மூன்று அடுக்குப் பாதுகாப்பு

பெரிய மின்நிலையம் ஒன்று திடீரென நின்றுவிட்டதாகக் கொள்வோம். முதல் சில நொடிகளில், சுழன்றுகொண்டிருக்கும் கனத்த இயந்திரங்களில் பொதிந்துள்ள இயக்க ஆற்றலே அதிர்வெண் சடுதியில் விழாமல் தாங்குகிறது. இதைச் சடத்துவம் என்பர். அதற்குள் மற்ற நிலையங்களில் 'கவர்னர்' எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வேகக்குறைவை உணர்ந்து நீராவியையோ நீரையோ தாமே கூட்டுகின்றன. இது முதல்நிலைச் சேவை. வீழ்ச்சியை நிறுத்துவதே இதன் பணி. அதிர்வெண்ணைப் பழைய இடத்திற்குக் கொண்டுவருவது அன்று.

அப்பணி இரண்டாம் நிலைச் சேவைக்கு உரியது. கட்டுப்பாட்டு மையத்தின் கணிப்பொறி 4 நொடிக்கு ஒருமுறை மின்நிலையங்களுக்குக் குறிப்பு அனுப்பி, உற்பத்தியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. நிலையம் 30 நொடிக்குள் ஈடுகொடுக்கத் தொடங்கி, 15 நிமிடத்திற்குள் முழு அளவை எட்டி, 30 நிமிடம் வரை நிலைக்க வேண்டும். இரண்டாம் நிலை இருப்பு தீர்ந்துபோகாமல் அதை விடுவிப்பது மூன்றாம் நிலைச் சேவை. இது 15 நிமிடத்திற்குள் கிடைத்து, குறைந்தது 60 நிமிடமாவது நீடிக்க வேண்டும்.

அதிர்வெண்ணோடு தொடர்பில்லாத இரு சேவைகளும் உண்டு. ஒன்று, மின்னழுத்தத்தை உரிய எல்லைக்குள் வைத்திருப்பது. மற்றொன்று, தொகுப்பு முழுவதும் வீழ்ந்த பின் வெளி உதவியின்றித் தானே இயங்கத் தொடங்கி மற்ற நிலையங்களை எழுப்புவது. அனல்மின் நிலையம் தன் நீரேற்றுப் பொறிகளையும் விசிறிகளையும் இயக்கவே பெருமளவு மின்சாரம் வேண்டும். ஆதலால் இக்கடமை பெரும்பாலும் புனல்மின் நிலையங்களையும் வாயுச் சுழலிகளையுமே சார்கிறது.

எல்லோருக்கும் உரியது, எவருக்கும் உரியதன்று

பொருளாதாரக் கண்கொண்டு நோக்கின் இங்கே ஒரு பழைய சிக்கல் தெரியவரும். நிலையான அதிர்வெண் ஒரு பொதுப்பண்டம். தொகுப்பில் இணைந்துள்ள ஒவ்வொருவரும் அதன் பயனை நுகர்கின்றனர். பணம் கொடாதவரை மட்டும் தனியே விலக்க முடிவதில்லை. எனவே பிறர் இருப்பு வைத்துக்கொள்ளட்டும், பயனை நாமும் பெறலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. எல்லோரும் அவ்வாறே எண்ணினால் இருப்பே இராது.

இருப்பு வைப்பதற்குச் செலவு உண்டு. 500 மெகாவாட் அலகு ஒன்று 475 மெகாவாட் அளவில் ஓடி, 25 மெகாவாட்டை அவசரத்திற்கு என ஒதுக்கிவைத்தால், அந்த 25 மெகாவாட்டை விற்றுப் பெற்றிருக்கக்கூடிய வருவாயை அது இழக்கிறது. அடிக்கடி ஏற்றி இறக்குவதால் கொதிகலனும் டர்பைனும் தேய்கின்றன. எரிபொருள் திறனும் குறைகிறது. இவற்றிற்கு ஈடு கிடைக்காவிடில், விதி என்ன கூறினும், கவர்னரைச் செயலற்றதாக வைப்பதில்தான் நிலையத்தின் நாட்டம் இருக்கும். நம் நாட்டில் நெடுங்காலம் இதுவே நிகழ்ந்தது.

தணிக்கை நோக்கிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நாட்டில் மின்வெட்டு நிலவும்போது ஒரு நிலையம் முழுத்திறனில் ஓடாமல் நிற்பதைக் காண்பவர், அதை வீண் என்றே கருதுவர். தீயணைப்பு வண்டி இன்று எங்கும் செல்லவில்லை என்பதற்காக அதை வீண் என்று எவரும் கூறுவதில்லை. மின்சாரத்தில் மட்டும் அந்தத் தெளிவு தாமதமாகவே வந்தது.

விலை என்னும் கடிவாளம்

தொண்ணூறுகளில் இந்திய மின்தொகுப்புகளின் அதிர்வெண் 48 ஹெர்ட்ஸ் முதல் 52 ஹெர்ட்ஸ் வரை ஊசலாடியது. உச்ச நேரத்தில் பற்றாக்குறை மண்டலங்கள் தாழ்ந்தன. நள்ளிரவில் உபரி மண்டலங்கள் உயர்ந்தன. மிகுதியாக எடுத்தவருக்குத் தண்டனை இல்லை. தேவையற்ற நேரத்தில் மிகுதியாக உற்பத்தி செய்தவருக்கும் இழப்பு இல்லை.

1998இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. அதன் ஆணைப்படி 2002 ஜூலையில் மேற்கு மண்டலத்தில் தொடங்கி, 2003 நவம்பருக்குள் ஐந்து மண்டலங்களிலும் இருப்புத்திறன் அடிப்படையிலான கட்டணமுறை நடைமுறைக்கு வந்தது. ஒரு நாள் 15 நிமிடம் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்கூட்டியே அட்டவணை வகுக்கப்பட்டது. அட்டவணையிலிருந்து விலகி எடுத்த அல்லது அளித்த மின்சாரத்திற்கு அவ்வேளையின் அதிர்வெண்ணே விலையைத் தீர்மானித்தது. தொடக்கத்தில், அதிர்வெண் 50.5 ஹெர்ட்ஸாக இருந்தால் விலை பூஜ்யம். 49 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கினால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு.

இந்த ஏற்பாடு எளிமையானது. பெரும் பலன் தந்தது. சந்தை இல்லாத இடத்தில் அது ஒரு சந்தையைப் போலவே இயங்கிற்று. நாடெங்கும் அதிர்வெண் குறிப்பிடத்தக்க அளவு சீரடைந்தது. ஆயினும் அதன் குறைகளும் வெளிப்பட்டன. சில மாநிலங்கள் முறையாகக் கொள்முதல் செய்வதற்குப் பதிலாக, இந்த விலகல் மின்சாரத்தையே ஒரு வாங்கும் வழியாகக் கொண்டன. அதிர்வெண் நாடு முழுவதற்கும் ஒன்று. எந்த மின்தொடரில் பளு மிகுந்துள்ளது என்பதை அது காட்டாது. 2012 ஜூலையில் அதிர்வெண் ஏறத்தாழச் சீராக இருந்தபோதே தொகுப்பு வீழ்ந்தது இதை மெய்ப்பித்தது. எல்லாவற்றிலும் முக்கியமான குறை வேறொன்று: தண்டனை விலை தவறு செய்பவனைத் தயங்க வைக்கும்; ஆனால் அவசரத்தில் கைகொடுக்கும் இருப்பை அது தானாக உருவாக்காது.

ஆணையம் விலகலுக்கான எல்லையைப் படிப்படியாக இறுக்கியது. 2014 பிப்ரவரியில் பழைய முறைக்கு மாற்றாக விலகல் தீர்வு முறை நடைமுறைக்கு வந்தது. அதிர்வெண் எல்லை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் என வகுக்கப்பட்டது. இதற்குச் சற்று முன்னர், 2013 டிசம்பர் 31ஆம் நாள், ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தொடரின் வழியே தென்மண்டலம் மற்ற நான்கு மண்டலங்களுடன் ஒத்திசைவாக இணைந்தது. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே அதிர்வெண் என்ற நிலை உருவாயிற்று. பயன் பெரிது, பொறுப்பும் பெரிது. ஒரு மூலையில் நேரும் பழுது இப்போது நாடு முழுவதையும் தொடும்.

காத்திருப்புக்கு ஊதியம்

2015இல் இரு முக்கிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன. துணைச் சேவைகள் இயக்கம் பற்றிய விதிமுறைகளை ஆணையம் ஆகஸ்டில் வெளியிட்டது. அக்டோபரில், நாட்டிற்கு எவ்வளவு இருப்பு தேவை என்பதையும் வரையறுத்தது. முதல்நிலை இருப்பு நாடு முழுவதற்கும் 4,000 மெகாவாட். இரண்டாம் நிலை இருப்பு ஒவ்வொரு மண்டலத்திலும் உள்ள மிகப் பெரிய அலகின் திறனுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதன்படி தென்மண்டலத்திற்கு 1,000 மெகாவாட் குறிக்கப்பட்டது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஓர் அலகின் திறன் இதுவே. மூன்றாம் நிலையில் ஒவ்வொரு மாநிலமும் தன் மிகப் பெரிய அலகில் பாதி அளவு இருப்பு வைக்க வேண்டும்.

2016 ஏப்ரல் 12 முதல் முதலாவது துணைச் சேவை நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களுக்கிடையிலான மின்நிலையங்களில், மாநிலங்கள் கேட்டுப்பெறாமல் விட்ட திறனைத் தேசிய மின்பளு பகிர்வு மையம் வரிசைப்படுத்தியது. குறைந்த செலவுள்ளது முதலில். தேவை நேர்ந்தபோது உற்பத்தியைக் கூட்டுமாறு பணித்தது. நிலையத்திற்கு நிலைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் கிடைத்தன. அவற்றோடு யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகையும் சேர்ந்தது. நிலைக் கட்டணம், அத்திறனை விட்டுக்கொடுத்த மாநிலங்களுக்கே திருப்பி அளிக்கப்பட்டது. உற்பத்தியைக் குறைக்குமாறு பணிக்கப்பட்ட நிலையம், மிச்சமான எரிபொருள் கட்டணத்தில் 75 விழுக்காட்டைத் திருப்பிச் செலுத்தி எஞ்சியதைத் தானே வைத்துக்கொண்டது. குறைக்க ஒப்புவதிலும் ஆதாயம் உண்டு என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது.

இம்முறையின் வரம்பையும் கூறியாக வேண்டும். இங்கு இருப்பு என்பது திட்டமிட்டு ஒதுக்கப்பட்டதன்று. பிறர் உண்டு எஞ்சியது. தேவை குறைந்த மாதங்களில் அது ஏராளமாகக் கிடைக்கும். கோடையின் உச்சத்தில் எல்லாத் திறனையும் மாநிலங்களே கேட்டுவிட்டால், மிகத் தேவையான வேளையில் இருப்பு இராது. அடுத்து வந்த ஆண்டுகளின் சீர்திருத்தம் முழுவதும் இந்தக் குறையை நீக்குவதை நோக்கியே சென்றது. 2018 ஜனவரியில் தாத்ரி அனல்மின் நிலையத்தில் தானியங்கி உற்பத்திக் கட்டுப்பாடு முன்னோடியாக நிறுவப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் புனல்மின் நிலையங்களின் விரைவுச் சேவை சோதனை முறையில் தொடங்கியது. இதில் ஏறினாலும் இறங்கினாலும், நகர்ந்த அளவிற்கு யூனிட்டுக்கு 10 காசு வழங்கப்பட்டது. உற்பத்தி செய்த மின்சாரத்திற்கு விலை என்னும் பழைய எண்ணத்தோடு, அசைந்து கொடுத்த திறனுக்கு விலை என்னும் புதிய எண்ணமும் சேர்ந்தது.

ஒன்பது நிமிடச் சோதனை

இத்திறனின் மதிப்பு ஓர் இரவில் நாடறிய வெளிப்பட்டது. 2020 ஏப்ரல் 5ஆம் நாள் இரவு 9 மணிக்கு, ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு மக்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. கோவிட் முடக்கத்தால் தேவை ஏற்கெனவே தாழ்ந்திருந்த காலம் அது. 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை பளு குறையலாம் என மதிப்பிடப்பட்டது. உண்மையில் குறைந்தது சுமார் 31,000 மெகாவாட். மதிப்பீட்டைப் போல் இரு மடங்கிற்கும் மேல்!

முன்னேற்பாடாக, புனல்மின் நிலையங்கள் அந்நேரத்தில் மிகுந்த அளவில் இயக்கப்பட்டிருந்தன. 8.45 மணிக்கு 25,500 மெகாவாட் அளவில் இருந்த புனல்மின் உற்பத்தி 9.10 மணிக்குச் சுமார் 8,000 மெகாவாட்டாக இறக்கப்பட்டது. விளக்குகள் மீண்டும் எரிந்தபோது 9.27 மணிக்குள் 19,000 மெகாவாட்டாக ஏற்றப்பட்டது. அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையே நின்றது. விதித்த எல்லையைச் சற்று மீறியது உண்மை. ஆனால் எங்கும் தொகுப்பு குலையவில்லை. அன்று அணைகளில் நீர் இருந்தது, முன்னறிவிப்பு இருந்தது, பல மாநிலங்களின் பொறியாளர்கள் ஒரே அட்டவணைக்கு இசைந்தனர். பழுதுகள் முன்னறிவிப்போடு வருவதில்லை. நல்வாய்ப்பாக அமைந்ததை நிலையான ஏற்பாடாக ஆக்குவதே ஒழுங்குமுறையின் பணி.

2022ஆம் ஆண்டு விதிமுறைகள்

2022 ஜனவரியில் வெளியிடப்பட்ட புதிய விதிமுறைகள் அத்திசையில் பெரிய அடியெடுத்து வைத்தன. இரண்டாம் நிலைச் சேவைக்கான பகுதி அவ்வாண்டு டிசம்பர் 5 முதலும், மூன்றாம் நிலைச் சேவைக்கான பகுதி 2023 ஜூன் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. இதற்கிடையே மின்பளு பகிர்வை நடத்தும் மத்திய நிறுவனமும் 2022 நவம்பரில் 'கிரிட் கன்ட்ரோலர் ஆஃப் இந்தியா' எனப் புதுப்பெயர் பெற்றது.

இவ்விதிமுறைகளில் மூன்று மாற்றங்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, சேவை அளிக்கும் உரிமை மாநிலங்களுக்கிடையிலான மின்நிலையங்களுக்கு மட்டும் என்ற நிலை மாறிற்று. மின்கலத் தொகுப்புகளும், நுகர்வைக் கூட்டிக் குறைக்க இயன்ற நுகர்வோரும் தகுதி பெற்றனர். இரண்டாவது, ஊக்கத்தொகை செயல்திறனோடு பிணைக்கப்பட்டது. மையம் அனுப்பிய குறிப்பை எவ்வளவு துல்லியமாகப் பின்பற்றினார்களோ அவ்வளவே ஊக்கம். மூன்றாவது, மூன்றாம் நிலை இருப்பு மின் பரிவர்த்தனை நிலையங்களின் வழியே, முதல்நாள் ஏலத்திலும் அன்றைய ஏலத்திலும் கொள்முதல் செய்யப்படலாயிற்று. எஞ்சியதைப் பயன்படுத்துதல் என்பதிலிருந்து முன்கூட்டியே ஒதுக்குதல் என்பதற்கு நாடு நகர்ந்தது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய மின்தொகுப்பு விதித்தொகுப்பும் இருப்புகளைப் பற்றித் தனியே விரிவாகப் பேசுகிறது.

சந்தைமுறை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கொள்வதற்கில்லை. தேவை உச்சத்தை எட்டும் வேளையில் விற்பவர் சிலரே இருப்பர். அவர்கள் விலையை உயர்த்த இடமுண்டு. ஏலத்தில் போதிய இருப்பு கிடைக்காதபோது, கட்டணம் ஆணையத்தால் நிர்ணயிக்கப்படும் நிலையங்களின் எஞ்சிய திறனை மையம் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டை விதிமுறைகள் விட்டுவைத்துள்ளது இதனால்தான்.

சூரியனும் காற்றும் வந்த பின்

2024 மே 30ஆம் நாள் நாட்டின் மின்தேவை ஏறத்தாழ 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. 2025 தொடக்கத்தில் சூரிய மின் நிறுவுதிறன் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. அவ்வாண்டின் நடுவில், மொத்த நிறுவுதிறனில் பாதி புதைபடிவ எரிபொருள் சாராததாயிற்று. இது பெருமைக்குரிய வளர்ச்சி. ஆனால் தொகுப்பின் இயல்பையே இது மாற்றிவருகிறது.

சூரியத் தகடு சுழல்வதில்லை. எனவே அது இயல்பான சடத்துவத்தைத் தருவதில்லை. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அனல்மின் நிலையங்கள் தம் கீழெல்லைக்கு இறக்கப்படுகின்றன. மாலையில் சூரியன் மறையும் வேளையிலேயே வீட்டு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. இரண்டொரு மணி நேரத்திற்குள் பல்லாயிரம் மெகாவாட்டை மற்ற நிலையங்கள் ஏற்றியாக வேண்டும். காற்றாலைகளோ காற்றின் போக்கைப் பின்பற்றுபவை. காற்றாலை மிகுந்த தமிழ்நாட்டின் மின்பொறியாளர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை மற்ற மாநிலங்களுக்கு முன்னரே எதிர்கொண்டவர்கள்.

இத்தகைய காலத்தில் தமிழ்நாட்டின் கடம்பாறை, மேற்கு வங்கத்தின் புருலியா போன்ற நீரேற்று புனல்மின் நிலையங்களின் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. மலிவான வேளையில் நீரை மேலேற்றி, அரிதான வேளையில் அதைக் கீழிறக்கி மின்சாரமாக்கும் இந்நிலையங்கள் நிமிடங்களில் ஈடுகொடுக்க வல்லவை. மின்கலத் தொகுப்புகள் ஒரு நொடிக்குள்ளேயே ஈடுகொடுக்கக்கூடியவை. ஆனால் அந்த விரைவுக்கு உரிய தனி விலை இல்லையேல், முதலீட்டாளர் அதை மாலைநேர விற்பனைக்கே பயன்படுத்துவார்.

மின்னழுத்தப் பணியும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய இரு நாடுகளின் மின்தொகுப்பும் நண்பகலில் வீழ்ந்தது. மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதும், அதனால் நிலையங்கள் அடுத்தடுத்து விலகியதும் அங்கு முக்கியக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. சூரிய மின்நிலையங்கள் ஓரிடத்தில் குவிந்து, நீண்ட தொடர்களால் தொலைவிலுள்ள நகரங்களோடு இணையும் ராஜஸ்தான் போன்ற பகுதிகளுக்கு இது பாடமாகும். இந்தியாவில் மின்னழுத்தம் 97 விழுக்காட்டிற்குக் கீழே இருக்கையில் எதிர்வினைத் திறனை எடுப்பவரும், 103 விழுக்காட்டிற்கு மேலே இருக்கையில் அதைச் செலுத்துபவரும் கட்டணம் செலுத்தும் முறை நெடுநாளாக உண்டு. இது தண்டனை முறையே. அதிர்வெண்ணில் கற்ற பாடம் இங்கும் பொருந்தும்: தண்டனை மட்டும் இருப்பை உருவாக்காது.

செலவை ஏற்பது யார்?

இறுதியில் எல்லாம் இவ்வினாவையே வந்தடைகின்றன. துணைச் சேவைக்கான தொகை, விலகியவர்கள் செலுத்தும் பணம் சேரும் பொதுக் கணக்கிலிருந்து வழங்கப்படுகிறது. தொகுப்பைக் கலைப்பவரிடம் பெற்று, அதைக் காப்பவருக்கு அளிப்பது என்ற கொள்கை சிறந்ததே. ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. ஒழுங்கு வளர வளர விலகல் குறையும். கணக்கில் சேரும் பணமும் குறையும். இருப்பின் தேவையோ குறைவதில்லை. எல்லோரும் அட்டவணைப்படி நடந்தாலும் இயந்திரம் பழுதாகும். மேகம் சூரியனை மறைக்கும். எனவே இருப்பின் அடிப்படைச் செலவைத் தொகுப்பைப் பயன்படுத்தும் அனைவரும் நேரிய விகிதத்தில் பகிர்ந்துகொள்வதே நிலையான வழி. விலகல் கட்டணம் அதற்குத் துணையாகலாமேயன்றி அடித்தளமாக இயலாது.

இரண்டாவது பிரச்சினை மாநிலங்களைப் பற்றியது. அரசியலமைப்பில் மின்சாரம் பொதுப்பட்டியலில் உள்ளது. மாநிலங்களுக்கிடையிலான நிலையங்கள் மத்திய ஆணையத்தின் வரம்பில் வருகின்றன. மாநிலத்தின் சொந்த நிலையங்களும் பகிர்மான நிறுவனங்களும் மாநில ஆணையங்களின் வரம்பில் வருகின்றன. அதிர்வெண் இந்த எல்லைகளை அறியாது. மத்திய நிலையங்களில் மட்டும் இருப்பு வைத்து, மாநில நிலையங்கள் அதன் நிழலில் தங்குமாயின், முன்னர் கூறிய பொதுப்பண்டச் சிக்கல் வேறு வடிவில் திரும்பிவரும். நிதி நெருக்கடியிலுள்ள பகிர்மான நிறுவனத்திற்கு இருப்பு வாங்குவது ஆடம்பரச் செலவாகத் தோன்றலாம். அது வாங்காத இருப்பின் விலையை, கோடையில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இல்லாத உழவரும், தறி நின்ற நெசவாளரும், பிரசவ அறையில் விளக்கணைந்த ஆரம்ப சுகாதார நிலையமும் செலுத்துகின்றனர். அச்செலவு எந்த வரவு செலவுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

ஆகவே மூன்று பணிகள் விரைந்து செய்யத்தக்கவை. மாநில ஆணையங்கள் தத்தம் எல்லைக்குள் இருப்பின் அளவையும், அதற்கான கட்டண ஒப்புதலையும் வரையறுக்க வேண்டும். மின்கொள்முதல் செலவில் இருப்புக்குத் தனிக் கணக்குத் தலைப்பு இருப்பின் அது வீண்செலவு எனத் தள்ளுபடி ஆகாது. முதல்நிலைச் சேவை, சடத்துவம், மின்னழுத்தப் பணி ஆகிய மூன்றும் இன்றளவும் பெரும்பாலும் கடமையாகவே கருதப்படுகின்றன. கடமையின் அளவு எது, அதற்கு மேல் விலை பெறத்தக்க சேவை எது என்பது தெளிவாக வேண்டும். குறை அதிர்வெண் ரிலேக்கள் எந்தப் பாதைகளைத் துண்டிக்கும் என்ற பட்டியல், மருத்துவமனைகளையும் குடிநீர் நிலையங்களையும் கருத்திற்கொண்டு அவ்வப்போது மறுஆய்வு செய்யப்பட வேண்டும்.

ஒரு நல்ல நாளில் துணைச் சேவையின் பயன் எவருக்கும் தெரிவதில்லை. அதிர்வெண் 50இல் நிற்கும், விளக்கு எரியும், காத்திருந்த நிலையம் காத்திருந்ததற்கான கட்டணத்தைப் பெறும். அக்கட்டணத்தின் கோப்பு ஒருநாள் ஏதோ ஓர் அலுவலரின் மேசைக்கு வரும். ஓடாத திறனுக்குப் பணம் ஏன் என்ற குறிப்பை அதில் எழுதும் முன், 2012 ஜூலையின் அவ்விரு நாள்களை அவர் ஒருமுறை நினைவுகூர்தல் நலம்.